சொல்லிவிட்டு வெடிக்கும் வெடி

சிரிப்புப் படங்களில் போருக்குப் போய்த் திரும்பியவனுக்கு வருகிற வியாதி சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில்தான் வரும். பலூன் உடையும், அவன் குப்புற விழுவான், விழுகிற இடத்தில் கேக் இருக்கும். படிக்கட்டிலோ பஸ் ஸ்டாப்பிலோ விழுந்தால் யார் சிரிப்பார்கள்? பிறகு முகமெல்லாம் கிரீமோடு எழுந்து மாமனாருக்கு ஒரு சல்யூட் அடிப்பான். விழுந்த வேகத்திலேயே எழுந்தும் விடுவான், அடுத்த ஜோக் காத்துக்கொண்டிருக்கிறதே. இந்த மாதிரி சினிமா சிப்பாய்கள் எத்தனையோ பேருக்கு நான் உடுப்பு தைத்திருக்கிறேன். எனக்குக் காஸ்ட்யூமர் வேலை. விழுகிற ஆளுக்கு முழங்கால், முழங்கை, இடுப்பு எல்லாவற்றுக்கும் துணிக்குள்ளே பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும், வெளியே துளியும் தெரியக் கூடாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு.

என் வீட்டுக்காரர் போர்முனையிலிருந்து திரும்பி வந்த பிறகு அந்தப் படங்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. தைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அவர் விழுந்தால் எழுந்திருக்க மாட்டார். அதுதான் படத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் வித்தியாசம். சமையலறையில் ஒரு தட்டு கை தவறி விழும், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், கட்டிலுக்கு அடியில் கிடப்பார். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஏதோ தரையில் உட்காருவதே என் வழக்கம் போல, கரன்ட் பில், பக்கத்து வீட்டுச் சண்டை என்று வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருப்பேன். எப்போது வெளியே வருவார் என்று அவருக்கே தெரியாது. அங்கே என்ன நடந்தது என்று நான் ஒரு தடவை கேட்டேன். எழுந்து போய் ஏற்கெனவே கழுவிய டம்ளரை மறுபடியும் கழுவ ஆரம்பித்தார். என் மாமியார் பலவிதமாகக் கேட்டுப் பார்த்தார், கொஞ்சியும் கேட்டார், திட்டியும் கேட்டார். டம்ளர்கள் சுத்தமானதுதான் மிச்சம்.

வேலை எதிலும் அவரால் நிலைக்க முடியவில்லை. ஒரு கிடங்கில் காவலுக்குப் போனார். வாசலில் லாரி டயர் வெடித்தபோது மேனேஜரைக் கீழே தள்ளி அவர்மேல் படுத்துக்கொண்டார். உயிரைக் காப்பாற்றத்தான். அந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் சிரித்தார்கள், மேனேஜரைத் தவிர.

அப்போது நான் உடுப்பு தைத்துக்கொண்டிருந்த ஒரு சிரிப்புப் படத்தின் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது, நான் வீட்டிலேயே விட்டுவந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க என் வீட்டுக்காரர் ஒருநாள் செட்டுக்கு வந்தார். அவர் வந்த நேரமா, என் நேரமா தெரியவில்லை, ஒரு லைட் ஸ்டாண்டு சரிந்து விழுந்தது. டீ கொண்டுவந்தவரையும் இழுத்துக்கொண்டு தரையோடு தரையாகிவிட்டார். செட்டே சிரித்தது. டைரக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆனால் முதலில் ஓடிப்போய் அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்ததும் அதே டைரக்டர்தான். நல்ல மனிதர். அதுதான் என் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

படத்தின் கதாநாயகன் போரிலிருந்து திரும்பிவந்து மாமனார் வீட்டில் மாட்டிக்கொள்கிறவன். படம் முழுக்க விழ வேண்டும். அந்தப் பாத்திரத்தில் நடிக்கும் நடிகருக்கோ முதுகுவலி, குனிந்து செருப்பு போடவே ஆள் வேண்டும். அவருக்குப் பதிலாக விழ ஒரு டூப் தேடிக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் என் வீட்டுக்காரரிடமே நேராகக் கேட்டார். நான் முடியாது என்றேன். அவர் செய்கிறேன் என்றார். அன்றைக்குப் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. ஊர் சிரிக்கப் போகிறது, அதற்கு நாமே டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறோம் என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது வேறு. நான் பயந்த இடத்தில் அவருக்கு நிம்மதி கிடைத்தது.

சினிமா செட்டில் எந்தச் சத்தமும் தானாக வராது. மழை வருவதற்கு முன்னால் மழை என்று கத்துவார்கள், புகை வருவதற்கு முன்னால் புகை என்பார்கள், பெரிய விளக்கைப் போடும் முன்னால்கூட ஒருவர் குரல் கொடுப்பார். வெடிக்கு இன்னும் கண்டிப்பு. வெடி வைப்பவரைச் செட்டில் எல்லோரும் வெடி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கையைத் தூக்கி, அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்து அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு என்று எண்ணிவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவார். பேச்சையெல்லாம் பின்னால் டப்பிங்கில் சேர்ப்பதால் கேமரா ஓடும்போதே எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். ஒன்று என்ற பிறகுதான் வெடி, அதற்கு முன்னால் இல்லை. முதல் நாள் வேலை முடிந்து வந்தபோது என் வீட்டுக்காரர் முகத்தில் நான் மறந்தே போயிருந்த ஒரு களை.

"இங்க சொல்லிட்டு வெடிக்கறாங்க," என்றார், ஏதோ கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி.

வீட்டிலும் அதையே பழகிக்கொண்டோம். கதவைச் சாத்தும் முன் சாத்தறேன், மிக்ஸி போடும் முன் போடறேன். இதில் என் மாமியாரை மிஞ்ச ஆளில்லை. தும்மப் போறேன்டா என்று அறிவித்துவிட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பார். நாங்கள் இருவரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்போம். தும்மல் வராது. போயிடுச்சு என்று ரத்து செய்வார். என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் சிரிப்பதற்காகவே இல்லாத தும்மலையெல்லாம் அறிவிக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவர் தூங்க ஆரம்பித்தார். நன்றாகச் சாப்பிட்டார். கூட்டத்தில் நடிக்கிற பெண்களுக்கு அடிபடாமல் விழுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். செட்டில் அவரைச் சிப்பாய் என்று கூப்பிட்டார்கள், அதையும் அவர் பொருட்படுத்தவில்லை. எனக்குத்தான் பயம் விடவில்லை. இத்தனை நாள் கழித்துக் கிடைத்த நிம்மதி மொத்தமும் ஒரு மனிதர் சரியாக எண்ணுவதில் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணுகிற குரல் கேட்கும்போதெல்லாம் என் கை தையலை விட்டுவிட்டு நின்றுவிடும். வெடித்த பிறகுதான் அடுத்த தையல்.

கடைசியில் படத்தின் பெரிய காட்சிக்கு வந்தோம். மைத்துனிக்குப் பிறந்தநாள், நீள மேசை, மூன்று அடுக்குக் கேக், மேலே பலூன் தோரணம். பலூன்களுக்குள் வண்ணக் காகிதமும் கொஞ்சம் மருந்தும் அடைத்து வெடிக்க வேண்டும், கதாநாயகன் மேசைமேல் பாய வேண்டும். காலையில் இரண்டு தடவை எடுத்தார்கள். இரண்டு தடவையும் என் வீட்டுக்காரர் அழகாக விழுந்தார். டைரக்டர் டிவியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். புது கேக் வரும்வரை இடைவேளை விட்டார்கள்.

அந்த இடைவேளையில்தான் வெடி அண்ணன் என் உடுப்பு அறைக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை, தொங்கும் சட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கையில் பஞ்சு இன்னொரு மடங்கு வையுங்கள் என்றார், கழுத்துப் பட்டையிலும் வையுங்கள் என்றார். கழுத்துக்கு எதற்கு, அவர்தான் தெரிந்து விழுகிறாரே என்று கேட்டேன்.

"இந்தத் தடவ தெரியாது தங்கச்சி," என்றார். "ஒண்ணுக்குப் பதிலா மூணுலயே அமுக்கச் சொல்லியிருக்கார் டைரக்டர். உங்ககிட்ட மட்டும் சொல்றேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க."

 கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்று பிறகு தேடும்படி ஆயிற்று. அண்ணே, வேண்டாம், ஒன்றுக்கே அமுக்கிவிடுங்கள், கை தவறிவிட்டது என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை, அதைக்கூடச் செய்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேலே இருப்பவர் சொல்வதைச் செய்யாவிட்டால் நாளைக்கு வேறு ஆள் வந்து அமுக்குவான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நேரே டைரக்டரிடம் போனேன். ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். பாதியை என் கையில் வைத்தார். அப்படிப்பட்ட மனிதர்.

"அவர் நல்லா விழுறாரும்மா. ரொம்ப நல்லா விழுறார், அதான் பிரச்சினை," என்றார். வெடிக்கும் முன்பே முழங்கால் மடிகிறதாம், தோள் தயாராகிறதாம், தியேட்டரில் உட்கார்ந்திருப்பவன் முட்டாள் இல்லையாம். அன்றைக்கு லைட் ஸ்டாண்டு சரிந்தபோது விழுந்தாரே, அது வேண்டுமாம். ஒரே ஒரு தடவை.

"அது நடிப்பு இல்ல சார். அது வந்தா அவர் எழுந்திருக்க மாட்டார்."

"நாம அவரக் கிண்டலா பண்றோம்? ஜனங்க அவர நேசிக்கப் போறாங்கம்மா."

"ஜனங்க நேசிக்கறது உங்க ஹீரோவ சார். இவரோட முதுகுதான் படத்துல வரும்."

அட, நல்ல டயலாக் என்று மனமாரப் பாராட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, பாக்கலாம் என்றார். இந்தப் பாக்கலாம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சரி என்றும் ஆகும், மாட்டேன் என்றும் ஆகும், நீ இடத்தைக் காலி பண்ணு என்றும் ஆகும். கையில் ஆரஞ்சோடு திரும்பி வந்தேன். சாப்பிடவும் தோன்றவில்லை, தூக்கிப் போடவும் தோன்றவில்லை, நூல்கண்டுப் பெட்டியில் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் சட்டை மாற்ற வந்தார். உற்சாகமாக இருந்தார். இந்தத் தடவை இடது தோளை முதலில் இறக்கிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நான் அவருக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டதையே கழற்றித் திரும்பவும் போட்டேன். சொல்லாவிட்டால் அத்தனை பேர் நடுவில் சொல்லாமல் வெடிக்கும், அவர் மேசைக்கு அடியில் போய்விடுவார், கேமரா ஓடிக்கொண்டிருக்கும், யாரும் தரையில் உட்கார்ந்து கரன்ட் பில் பேச மாட்டார்கள். சொன்னாலோ, எண்ணிக்கையே பொய் என்று தெரிந்துவிடும். அவர் காலூன்றி நின்ற ஒரே இடம் அது. அதை நானே என் வாயால் உடைக்க வேண்டும்.

இன்றைக்கு அடிபடாமல் இருக்கட்டும், மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"இங்க பாருங்க. மூணுலயே வெடிக்கும். ஒண்ணு வரைக்கும் காத்திருக்காதீங்க," என்றேன்.

அவர் அசையாமல் நின்றார். "யார் சொன்னா?"

"வெடி அண்ணன்."

"அப்ப எதுக்கு எண்ணுறாங்க?"

"நீங்க நம்பறதுக்கு."

அவர் என் கையிலிருந்த பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றால் இப்போதே வீட்டுக்குப் போய்விடலாம், நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். இதையும் விட்டால் அப்புறம் எங்கே போவது என்று கேட்டார்.  கழுத்துப் பட்டையை அவரே சரிசெய்துகொண்டு, நீ சொன்னது நல்லதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார். முகத்திலிருந்த களை போய்விட்டிருந்தது. பழைய முகம்.

என்னால் அறையில் இருக்க முடியவில்லை. செட்டுக்குள் போய்க் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். புது கேக் வந்திருந்தது. மேசையைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். வெடி அண்ணன் தன் இடத்துக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துத் தலையை ஒரு தடவை ஆட்டினார். மன்னிப்புக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவ்வளவு ஆத்திரம்.

ஆக்‌ஷன் என்றார் டைரக்டர். பெண்கள் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் மேசைக்குப் பக்கத்தில் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெடி அண்ணன் குரல் எழுந்தது. அஞ்சு. நாலு. மூணு.

அவர் பாய்ந்தார்.

வெடி வெடிக்கவில்லை.

பலூன்கள் தம்பாட்டுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாத இடத்தில் ஒரு மனிதர் மேசை விரிப்பு, கேக், பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு தரையில் கிடந்தார். ஒரு நொடி செட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், கொட்டகையே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். கேமராமேனின் தோள் குலுங்கியது. விளக்கு பிடித்திருந்தவர் கம்பத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார். டைரக்டர் கையை ஆட்டி, நிறுத்தாதே, ஓடட்டும் என்று காட்டினார். ஒன்றுமே இல்லாததற்கு விழுகிற சிப்பாய். எந்தப் படத்திலும் வராத ஜோக் அவருக்குக் கிடைத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். சிரிப்பவர்களைப் பார்த்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், பக்கத்தில் விழுந்த பெண்ணுக்குக் கை கொடுத்து எழுப்பப் பார்த்தார். எண்ணிக்கை முடிந்திருக்கவில்லை. அந்தச் சிரிப்பில் எங்களுக்குத்தான் காதில் விழவில்லை. அவர் விழுந்ததைப் பார்த்துத் திகைத்து நின்ற வெடி அண்ணன், கேமரா ஓடுவதைப் பார்த்து ரெண்டு, ஒண்ணு என்று முடித்துப் பொத்தானை அமுக்கினார்.

அவர் தலைக்கு நேர்மேலே வெடித்தது.

வண்ணக் காகிதம் கொட்டியது. அவர் அந்தப் பெண்ணின் தலையைத் தரையோடு அழுத்தி, இன்னொருத்தியின் காலைப் பிடித்து மேசைக்கு அடியில் இழுத்தார். எங்களைப் பார்த்துத் தலையைத் தூக்காதீர்கள் என்று கத்தினார். அது அவருடைய குரலே இல்லை, நான் கேட்டதில்லை அந்தக் குரலை. பிறகு கைகளால் தரையைத் தடவித் தேட ஆரம்பித்தார். கேக் துண்டுகளையும் காகிதத்தையும் விலக்கி விலக்கித் தேடினார். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தேடியது பொருளை இல்லை, கூட இருந்த ஆளை. எனக்கு அது தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை.

நான் ஓடினேன். யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள், கேமராவுக்குள் போகாதே என்று. உதறிவிட்டுப் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.  கரன்ட் பில் நினைவுக்கு வரவில்லை, எதுவுமே வரவில்லை. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார், வெள்ளை வெள்ளையாகக் கிரீம். அதை வெகுநேரம் பார்த்தார். கட் என்றார் டைரக்டர். எல்லோரும் கைதட்டினார்கள்.

டைரக்டர் வந்து அவரைக் கட்டிக்கொண்டார். இந்தப் படத்துக்கு மட்டுமில்லை, இனி என் எல்லாப் படத்துக்கும் நீங்கள்தான் என்றார். கண் கலங்கியிருந்தார், பொய் இல்லை. பெண்கள் இருவரும்கூட அடிபடாமல் எழுந்து தூசி தட்டிக்கொண்டு சிரித்தார்கள். நான் அவரை உடுப்பு அறைக்கு அழைத்துப் போனேன்.

ஸ்டூலில் உட்காரவைத்து முழங்கைத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பஞ்சுக்குள்ளே கேக் போயிருந்தது. கட்டிலுக்கு அடியில் போகிற முகம் இல்லை. பரவாயில்லை, இதோடு தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்போது வெடி அண்ணன் வாசலில் வந்து நின்றார். நல்லது செய்தவர் முகம்.

"நீங்க சொன்னது மனசக் குத்திக்கிட்டே இருந்துச்சு தங்கச்சி. அதான் ஒண்ணுக்கே அமுக்கினேன். டைரக்டர்கிட்ட பேட்டரி மேல பழியப் போட்டுட்டேன்." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "ஆமா, நீங்க ஏன் மூணுலயே விழுந்தீங்க?"

 வெடி அண்ணன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. அடக் கடவுளே என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நிற்க முடியாமல் போய்விட்டார்.

பிரித்த நூல் என் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர்தான் பேசினார். சுவரைப் பார்த்துக்கொண்டு, நாளைக்கு என்ன சமையல் என்று கேட்கிற குரலில் பேசினார்.

"அங்க ஒரு பாலம் இருந்துச்சு. எங்க ஆளுங்க எல்லாம் தாண்டின பிறகு அத வெடி வச்சுத் தகர்க்கணும். வேகமா நடக்க முடியாதவங்க நெறைய பேர் இருந்தாங்க. ஆபீசர் வந்து, நீங்க பொறுமையா வாங்கப்பா, நேரத்தத் தள்ளி வைக்கச் சொல்றேன்னார். வெடி வச்சவன் எங்க சிநேகிதன். எதிரி நெருங்கிட்டான், பாலத்தத் தாண்டி நம்ம ஆளுங்களப் பிடிச்சுடக் கூடாதுன்னு அவன் நேரத்த முன்னாடி இழுத்துட்டான். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல. இன்னும் நேரம் இருக்குன்னு நாங்க பேசிச் சிரிச்சுக்கிட்டே பாலத்துல நடந்துக்கிட்டிருந்தோம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கள யாரும் கொல்லணும்னு நெனைக்கல," என்றார். "ரெண்டு பேரும் நல்லவங்க."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் கேட்டும் வராத கதை, கேக் ஒட்டிய சட்டையோடு இந்த அறையில் வந்தது. என்மேலேயே எனக்கு வந்த வெறுப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. வாங்க, வீட்டுக்குப் போய்விடலாம், இந்த வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றேன்.

"வீட்டுக்குப் போயி?" என்றார். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "கதவு சாத்தறேன்னு நீ சொல்லுவ. நான் உன் வாயப் பாக்கறதா, கதவப் பாக்கறதா?"

உதவி டைரக்டர் எட்டிப் பார்த்தார். பிரமாதம் சிப்பாய், பக்கவாட்டிலிருந்து இன்னொரு ஷாட் எடுத்துவிடலாமாம், பலூன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். வேண்டாம் என்று நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு உட்காரவைத்தார்.

"வர்றேன். வெடி அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. எண்ண வேணாம். அவருக்கு எப்பத் தோணுதோ அப்ப வெடிக்கட்டும்."

உதவி டைரக்டரின் முகம் மலர்ந்தது. ஓடிப்போய்ச் சொன்னார். பாத்தீங்களா, இதுதான் ஆர்ட்டிஸ்ட் என்று டைரக்டர் அங்கே சத்தமாகச் சொல்வதும், நாலைந்து பேர் கைதட்டுவதும் கேட்டது.

அவர் முழங்கையை என்னிடம் நீட்டினார். புதுப் பஞ்சு வைத்துத் தைத்தேன். ஒரு தடவை ஊசி அவரைக் குத்தியும் விட்டது.   நான் என்ன சொன்னாலும் அதில் எது நிஜம் என்று அவர் இனிமேல் பார்க்க வேண்டியிருக்கும். நூலைக் கடித்து அறுத்ததும் எழுந்து போனார்.

நான் உடுப்பு அறை வாசலிலேயே நின்றுகொண்டேன். செட்டில் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார்கள். ஆக்‌ஷன் என்ற குரல் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை.